கருந்துளை விளிம்பில் ஒரு மோதல்

2019 ஏப்ரல் 10ஆம் தேதி வெளியான அந்தப் படம் அநேகமாக எல்லோர் கைபேசிக்கும் வந்திருக்கும். ஆரஞ்சு நிறத்தில் மங்கலான ஒரு வளையம், நடுவே இருட்டு. எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தில் 650 கோடி சூரியன்களின் நிறையோடு அமர்ந்திருக்கும் கருந்துளையின் நிழல் அது. கருந்துளை எதையும் விழுங்கும், ஒளியைக்கூட வெளியே விடாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அந்தக் கருந்துளை வேகமாகச் சுழன்றால், அதன் விளிம்பில் துகள்கள் மோதிக்கொள்ளும் வேகத்துக்கு மனிதர் கட்டிய எந்த இயந்திரமும் ஈடாகாது என்று ஒரு கருத்து உண்டு. அது அவ்வளவு தூரம் பரவவில்லை. 2009இல் திடீரென்று தலைப்புச் செய்தியான கருத்து இது. அன்று பிறந்தது என்று பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது ஊர் ஊராக, கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. இடையில் அதைக் கையில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தவர்கள்.

முதல் கை ஒரு பாதிரியாருடையது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் தோர்ன்ஹில் என்ற சிற்றூர். அதன் தேவாலயப் பொறுப்பில் இருந்தவர் ஜான் மிச்செல். ஒளி என்பது சிறு துகள்களின் ஓட்டம் என்று நியூட்டன் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். மேலே எறிந்த கல் திரும்பி விழுவதைப் போல ஒளியும் ஏன் விழக்கூடாது? சூரியனின் அடர்த்தியும் அதைப் போல 500 மடங்கு விட்டமும் கொண்ட விண்மீன் இருந்தால், அதிலிருந்து கிளம்பும் ஒளி அதற்கே திரும்பிவிடும் என்று கணக்கிட்டார். 1783 நவம்பர் 27 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரையை வாசித்தவர் அவருடைய நண்பர் ஹென்றி கேவண்டிஷ். கண்ணுக்குத் தெரியாத அந்த விண்மீனை, அதைச் சுற்றிவரும் துணை விண்மீனின் நடமாட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் மிச்செல் எழுதியிருந்தார். இன்றும் கருந்துளைகளைக் கண்டறியும் வழிகளில் அது ஒன்று. மிச்செல் இறந்தபின் அவர் செய்துவைத்திருந்த முறுக்குத் தராசு கேவண்டிஷ் கைக்கு வந்து, 1798இல் பூமியின் அடர்த்தியையே அளந்து சொன்னது. தராசு புகழ்பெற்றது, இருண்ட விண்மீன் மறக்கப்பட்டது. பிரான்சில் லாப்லாஸ் 1796இல் தன் நூலில் இதே எண்ணத்தைத் தானாகவே எழுதினார். பிந்தைய பதிப்புகளில் சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டார்.

அடுத்துக் கருத்து முளைத்த இடம் போர்க்களம். 1915 டிசம்பர். போட்ஸ்டாம் வானாய்வகத்தின் இயக்குநர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட், நாற்பது வயதைத் தாண்டியும் ஜெர்மன் படையில் சேர்ந்து ரஷ்ய முனையில் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகள் அப்போதுதான் வெளியாகியிருந்தன. அவற்றுக்கு முழுமையான விடை காண்பது கடினம் என்று ஐன்ஸ்டைனே எண்ணியிருந்த நேரத்தில், சில வாரங்களில் ஒரு விடையைக் கண்டு டிசம்பர் 22 அன்று அவருக்குக் கடிதம் எழுதினார் ஷ்வார்ட்ஸ்சைல்ட். அடுத்த மே மாதம் நோயால் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற விடை அழகானதுதான், ஆனால் சுழலாத உருண்டைக்கு மட்டுமே பொருந்துவது. வானத்திலோ சுழலாத பொருள் என்று ஒன்று இல்லை.

ஒளியைக்கூட வெளியே விடாத ஒரு பொருள் உண்மையிலேயே உருவாக முடியுமா என்ற கேள்விக்கு, 1930இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பலில் ஒரு பத்தொன்பது வயது இளைஞர் பாதி வழி அமைத்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துக் கேம்பிரிட்ஜ் போய்க்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அவர். எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குள்ளனாக அடங்கி நிற்பதற்கு ஓர் உச்ச நிறை உண்டு, அது சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அவர் கண்ட முடிவு. அதைத் தாண்டினால் சரிவுக்கு என்ன முடிவு? 1935 ஜனவரியில் வானியலாளர் எடிங்டன் அவரைப் பொதுச் சபையில் எள்ளி நகையாடினார். சந்திரசேகர் அந்தத் துறையை விட்டே விலகினார். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தபோது அவருக்காக ஒரு புதிய பரிசு காத்திருந்தது: சுழலும் கருந்துளை.

அந்தப் பரிசு கிடைத்த கதையை நான் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். சுழலும் பொருளுக்கான விடையை ஷ்வார்ட்ஸ்சைல்டுக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பலரும் தேடித் தோற்றிருந்தார்கள். 1963 வாக்கில் அமெரிக்காவில் இயற்பியலாளர் நியூமனும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஒருவர் எதிர்பார்க்கும் வகையில் அப்படி ஒரு விடையே கிடையாது என்று காட்டும் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த நியூசிலாந்துக்காரர் ராய் கெர் அதைப் புரட்டியபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. பிழை இருந்தால் கதவு மூடப்படவில்லை என்றுதானே பொருள்! கதவைத் தள்ளி உள்ளே போனார் கெர். கிடைத்த விடை உண்மையில் சுழல்கிறதா என்று பார்க்க ஒரு நாள் மேசையில் குனிந்து சிகரெட் புகைத்தபடி கணக்கிட்டார். அதே அறையில் சாய்வு நாற்காலியில் சுங்கான் புகைத்தபடி காத்திருந்தார் அங்கிருந்த சார்பியல் மையத்தின் தலைவர் ஆல்ஃபிரட் ஷில்ட். அரை மணி போல ஆனதும், சுழல்கிறது என்றார் கெர். கெர்ரைவிட ஷில்ட்தான் அதிகம் பரவசப்பட்டாராம்.

அந்தக் கட்டுரை ஒன்றரைப் பக்கம்தான். அதே 1963 டிசம்பரில், கென்னடி சுடப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த டல்லஸ் நகரில், தொலைதூரத்தில் பேரொளி வீசும் குவாசார்கள் பற்றிப் பேச வானியலாளரும் சார்பியல்காரரும் கூடினார்கள். கெர்ருக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் பேசும்போது வானியலாளர்களில் சிலர் எழுந்து வெளியே போனார்கள், சிலர் தூங்கினார்கள், சிலர் பக்கத்திலிருந்தவரோடு பேசினார்கள். கிரேக்க அறிஞர் பாப்பபெட்ரூ பொறுக்க முடியாமல் எழுந்து, நாங்கள் முப்பது ஆண்டுகளாகத் தேடியதை இவர் கண்டுபிடித்திருக்கிறார், கவனியுங்கள் என்று கடிந்தார். தூங்கியவர்கள் தேடி வந்த குவாசாரின் ஆற்றலுக்கான திறவுகோலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் இருந்தது. அதை உணர அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பிழைவிட்ட நியூமன் சும்மா இருக்கவில்லை. கெர் கண்ட விடையைக் குறுக்கு வழியில் பெறும் ஓர் உத்தியைக் கண்டுபிடித்து, 1965இல் மின்னேற்றமும் சுழற்சியும் கொண்ட கருந்துளைக்கு விடை தந்தார். அது இன்று கெர்–நியூமன் என்று இருவர் பெயரும் தாங்கி நிற்கிறது.

சுழற்சி என்ன செய்கிறது? கருந்துளை சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுத்துச் சுழற்றுகிறது. உள்ளே போனால் திரும்ப முடியாத விளிம்பான நிகழ்வெல்லைக்கு வெளியே எர்கோ மண்டலம் என்ற ஒரு பகுதி உண்டு. அதற்குள் நுழைந்த எதுவும், எவ்வளவு வலிய ராக்கெட்டாக இருந்தாலும், அசையாமல் நிற்க முடியாது. கருந்துளை சுழலும் திசையில் அதுவும் சுற்றியே ஆக வேண்டும். ஆனால் அங்கிருந்து இன்னும் வெளியே தப்பி வரலாம். தப்பும் வழி திறந்திருக்கிற அந்த மண்டலத்தில் ஒரு வியாபார வாய்ப்பு ஒளிந்திருப்பதை 1969இல் பார்த்தவர் ரோஜர் பென்ரோஸ். ஒரு துகள் எர்கோ மண்டலத்துக்குள் போய் இரண்டாக உடையட்டும். தொலைவிலிருந்து அளந்தால் ஒரு துண்டின் ஆற்றல் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும்படியான பாதைகள் அங்கே உண்டு. அந்தத் துண்டு உள்ளே விழுந்தால் கருந்துளைக்குக் கடன். மற்றத் துண்டு போனபோது இருந்ததைவிட அதிக ஆற்றலோடு வெளியே வரும். அந்தக் கூடுதல் கருந்துளையின் சுழற்சியிலிருந்து எடுக்கப்பட்டது.

1973இல் வெளியான மிஸ்னர், தோர்ன், வீலர் ஆகியோரின் பெரும் பாடநூலில் ஒரு நகரமே கருந்துளையைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். குப்பையை உள்ளே கொட்டி, நகரத்துக்கு மின்சாரம் எடுப்பார்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வீலரின் மாணவராகப் பிரின்ஸ்டனில் இருந்த கிரேக்க இளைஞர் திமெட்ரியோஸ் கிறிஸ்டோடூலூ பதில் சொன்னார். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையின் நிறையில் 29 சதவீதம் வரை சுழற்சி ஆற்றலாகவே சேர்ந்திருக்கிறது. சூரியன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றும்போது கிடைப்பது 0.7 சதவீதம்தான்.

கருத்து அங்கிருந்து மாஸ்கோவுக்கும் போனது. துகளுக்குப் பொருந்துவது அலைக்கும் பொருந்தும், சுழலும் பொருளில் பட்டுத் திரும்பும் அலை வலுவடையும் என்று யாகோவ் செல்டோவிச் 1971இல் வாதிட்டார். 1973இல் மாஸ்கோவுக்கு வந்த ஸ்டீபன் ஹாக்கிங்கிடம் அவரும் சக ஆய்வாளர் ஸ்டாரோபின்ஸ்கியும் இதைப் பேசினார்கள். அதைத் தன் வழியில் சரிபார்க்கப் போன ஹாக்கிங், சுழலாத கருந்துளையும் கதிர்வீசும் என்ற தன் புகழ்பெற்ற முடிவில் வந்து நின்றார். செல்டோவிச்சின் மூல எண்ணம் 2020இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குக் கருந்துளை தேவைப்படவில்லை. ஒலிபெருக்கிகளும், வேகமாகச் சுழலும் ஒரு பஞ்சுத் தட்டும் போதுமாக இருந்தன.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பென்ரோஸின் வியாபாரம் எழுபதுகளிலேயே நொடித்துப் போயிருந்தது. 1972இல் பார்டீன், பிரெஸ், டியூகால்ஸ்கி மூவரும், 1974இல் ராபர்ட் வால்டும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: லாபம் வர வேண்டுமென்றால் இரண்டு துண்டுகளும் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேலான வேகத்தில் பிரிய வேண்டும். எந்த இயற்கைச் சிதைவு துகள்களை அப்படித் தொடர்ந்து பிய்த்து எறியும்? வானியலாளர்கள் பென்ரோஸ் வழியை அழகான ஆனால் பயனற்ற யோசனைகளின் பெட்டியில் போட்டார்கள்.

பெட்டியைத் திறந்தது ஜெருசலேம். ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் ஸ்வி பிரான், ஜேக்கப் ஷாஹம், ஜோசப் காட்ஸ் மூவரும் 1975இல் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். துகள் தானாக உடைய வேண்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? இரண்டு துகள்கள் எர்கோ மண்டலத்தில் மோதிக்கொண்டால் அந்த வேகம் தானே கிடைத்துவிடுமே! அந்தக் காலத்தில் ஒரு புதிய புதிர் எல்லோரையும் வாட்டிக்கொண்டிருந்தது. சோவியத் நாடு ரகசியமாக அணுகுண்டு வெடிக்கிறதா என்று உளவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள், பூமியிலிருந்து அல்லாமல் விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிர் வெடிப்புகளைப் பதிவு செய்திருந்தன. அந்தச் செய்தி 1973இல் வெளியானது. சுழலும் கருந்துளையருகே நடக்கும் மோதல்கள் அவற்றுக்குக் காரணமாகுமா என்று பிரானும் ஷாஹமும் ஆராய்ந்தார்கள். காமா வெடிப்புகளின் காரணம் வேறு என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் போகிற போக்கில் அவர்கள் ஒன்றைக் குறித்துவைத்தார்கள்: உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையின் விளிம்பருகே மோதல் ஆற்றலுக்கு வரம்பே இல்லாமல் போகலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரி அப்படியே கிடந்தது.

இதற்கிடையில் பூமியில், துகள்களை மோதவிடும் கலை தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1943 கோடை. நார்வேக்காரர் ரோல்ஃப் வைடரோ, ஊரில் விடுமுறைக்கு வந்து புல்வெளியில் படுத்தபடி மேகங்களைப் பார்த்தார். இரண்டு மேகங்கள் எதிரெதிராக வந்து முட்டுவதுபோல் தோன்றியது. நிற்கும் இலக்கின்மேல் துகளை எறிந்தால் ஆற்றலில் பெரும்பகுதி எல்லாவற்றையும் முன்னே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். எதிரெதிரே வரும் இரண்டு கற்றைகள் மோதினால் முழுவதும் மோதலுக்கே கிடைக்கும். இந்த எண்ணத்தைத் தன்னுடன் ஹாம்பர்க்கில் வேலை செய்த வியன்னாக்காரர் புரூனோ டூஷெக்கிடம் சொன்னபோது, இது யாருக்கும் தெரிந்ததுதானே, காப்புரிமை எடுக்க என்ன இருக்கிறது என்றார் அவர். வைடரோவுக்குக் கோபம் வந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தே விட்டார். தாய்வழியில் யூதரான டூஷெக் 1945இல் கைதானார். கைதிகளை நடத்திச் சென்றபோது அவர் கீழே விழ, காவலன் சுட்டு, இறந்துவிட்டார் என்று விட்டுப்போனான். பிழைத்தெழுந்த அந்த மனிதர்தான் 1961இல் ரோம் நகருக்கு அருகே ஃப்ராஸ்காட்டியில், எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிரே சுழலவிடும் முதல் வளையத்தை இயக்கினார். ஒன்றுமில்லை என்று அவர் ஒதுக்கிய எண்ணம், அவர் கையாலேயே இயந்திரமானது. ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் புதைந்து கிடக்கும் எல்.எச்.சி. முடுக்கிவரை அந்தப் பரம்பரை நீள்கிறது.

இயற்கை முடுக்கி ஒன்று வானத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளங்கள் 1912 முதலே வந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு விக்டர் ஹெஸ் பலூனில் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். 1991 அக்டோபர் 15 அன்று யூட்டா பாலைவனத்து வானில் வந்து மோதிய ஒற்றைத் துகளின் ஆற்றல் ஏறத்தாழ 50 ஜூல். சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் முழுவதையும் ஒரே ஓர் அணுத்துகளுக்குள் அடைத்ததுபோல. இதை எது முடுக்கியது? இந்தியாவில் சஞ்சய் வாக், சஞ்சீவ் துரந்தர், நரேஷ் ததீச் மூவரும் 1985இல் பென்ரோஸ் வழிக்கு ஒரு மருந்து கண்டிருந்தார்கள். பாதி ஒளிவேகத் தள்ளலைக் கருந்துளையைச் சூழ்ந்த காந்தப்புலமே கொடுத்துவிடும் என்றார்கள் அவர்கள். கருந்துளை அருகே சிதையும் நியூட்ரானிலிருந்து வரும் புரோட்டான் இந்த வழியில் அசாத்திய வேகம் பெறலாம் என்று ததீச்சும் உஸ்பெகிஸ்தான், செக் நாட்டு ஆய்வாளர்களும் பிற்பாடு அதை நீட்டிச் சென்றார்கள். சந்திரசேகரும் இதே சுழலும் வெளியில்தான் வந்து சேர்ந்திருந்தார். 1976இல் எலெக்ட்ரானின் சமன்பாட்டை அந்த வெளிக்குள் பிரித்துக் காட்டினார், 1983இல் வந்த அவருடைய பெருநூலில் பென்ரோஸ் வழிக்கும் இடம் கொடுத்தார்.

பிறகு வந்தவர்கள் கரும்பொருள் வேட்டைக்காரர்கள். அண்டத்தின் பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். விண்மீன் மண்டல மையத்துக் கருந்துளையைச் சுற்றி அது முள்போலக் கூர்மையாகக் குவிந்திருக்கும் என்று பாவ்லோ கொண்டோலோவும் ஜோசப் சில்க்கும் 1999இல் கணித்தார்கள். குவிந்தால் மோதும், மோதினால் அதன் அடையாளம் நமக்கு எட்டலாம். அந்த மோதலின் ஆற்றல் எவ்வளவு என்ற அடுத்த கேள்வியை சில்க், சிலி நாட்டுக்காரர் மாக்சிமோ பன்யாடோஸ், ஸ்டீபன் வெஸ்ட் மூவரும் 2009 செப்டம்பரில் கேட்டார்கள். பன்யாடோஸ் 1992இலேயே தட்டையான, இரண்டே வெளிப் பரிமாணம் கொண்ட கருந்துளையைக் கண்டு பெயர் வாங்கியவர். அந்தச் செப்டம்பரில் எல்.எச்.சி. ஓய்வில் இருந்தது. ஓராண்டுக்கு முன் அதன் காந்தங்களில் நேர்ந்த விபத்துக்குப் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. அதைத் தொடங்கினால் கருந்துளை உண்டாகி உலகை விழுங்கிவிடும் என்று உலகமே பேசி முடித்த சமயம். முடுக்கி கருந்துளையைச் செய்யுமோ என்று பயந்தவர்களுக்கு, கருந்துளையே முடுக்கியாகும் என்று பதில் வந்தது.

அவர்கள் சொன்னதை இப்படிப் பார்க்கலாம். தொலைவில் ஓய்விலிருந்து புறப்பட்ட இரண்டு ஒத்த துகள்கள் சுழலாத கருந்துளைக்குள் விழுகின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே திசையில் விரைவதால், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றதன் வேகம் கட்டுக்குள்தான் இருக்கும். மோதல் ஆற்றல் ஒரு துகளின் ஓய்வு ஆற்றலைப் போல அதிகபட்சம் சுமார் 4.5 மடங்கு. சும்மா பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே 2 மடங்கு உண்டு என்பதால் இது பெரிய முன்னேற்றம் அல்ல. உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையில் கதை மாறுகிறது. அதே திசையில் சுற்றும் ஒரு துகளுக்கு மிகத் துல்லியமான ஒரு கோண உந்தத்தைக் கொடுத்தால், அது விழவும் முடியாமல் விலகவும் முடியாமல் விளிம்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொரு துகள் சாதாரணமாக நேரே விழுந்து அதன்மேல் மோதினால், சுற்றும் துகளின் கண்ணுக்கு வருவது ஒளிவேகத்தை எட்டும் அம்பு. விளிம்பை நெருங்க நெருங்க மோதல் ஆற்றல் ஏறுகிறது, எல்லையே இல்லாமல்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. எமானுவெலே பெர்ட்டி, விடோர் கார்டோசோ முதலியோர் அதே ஆண்டு மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். அடுத்த ஆண்டு டெட் ஜேக்கப்சனும் தோமஸ் சொதிரியூவும் கணக்கோடு வந்தார்கள். உச்ச வேகத்தை எந்த இயற்கைக் கருந்துளையும் தொட முடியாது. அதைச் சுற்றும் வாயுத் தட்டு வீசும் ஒளியில், சுழற்சிக்கு எதிராகச் செல்லும் கதிர்களைக் கருந்துளை அதிகம் விழுங்குவதால், அதன் வேகம் உச்சத்தின் 0.998 பங்கில் தடைப்படும் என்று கிப் தோர்ன் 1974இலேயே காட்டியிருந்தார். அந்த வேகத்தில் மோதல் ஆற்றல் ஓய்வு ஆற்றலைப் போல ஏறத்தாழ 20 மடங்குதான். புரோட்டான்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் சுமார் 20 கிகா எலெக்ட்ரான் வோல்ட், எல்.எச்.சி. இன்று எட்டுவது 13,600. முடிவிலியிலிருந்து இவ்வளவு கீழே! கூடவே, அந்த எல்லையற்ற மோதல் நடக்க வேண்டுமானால் எல்லையற்ற நேரமும் காத்திருக்க வேண்டும்.

இப்படி அடி வாங்கிய கருத்து படுத்துவிட்டதா என்றால், இல்லை. உலகம் சுற்றக் கிளம்பியது. உக்ரைனின் கார்கிவில் ஒலெக் ஸஸ்லாவ்ஸ்கி, இது ஒரு சமன்பாட்டின் விசித்திரம் அல்ல, சுழலும் நிகழ்வெல்லை எதற்கும் உள்ள பொதுக்குணம் என்று காட்டினார். சீனாவின் லான்ஜோவில் மின்னேற்றம் கொண்ட கருந்துளைக்கு, மும்பை டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் மந்தார் பாட்டீலும் பங்கஜ் ஜோஷியும் நிகழ்வெல்லையே இல்லாத வெற்று ஒருமைப்புள்ளிகளுக்கு என்று, கணிதத்தில் பெயர் வைக்கப்பட்ட ஏறக்குறைய எல்லாக் கருந்துளை வகைகளும் வரிசையாக முடுக்கியாக்கப்பட்டன. இவற்றில் பல, கெர்ரின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொண்ட நகல்கள்தான் என்பது என் கருத்து. எனக்கு அதிகம் பிடித்தது ஜப்பானில் தோமொஹிரோ ஹராதாவும் மசாஷி கிமுராவும் செய்தது. துல்லியமான கோண உந்தத்தைத் துகளுக்கு யார் அளந்து கொடுப்பார்கள் என்பது பெரிய ஆட்சேபமாக இருந்தது. வாயுத் தட்டின் உள்விளிம்பில், நிலையாகச் சுற்றக்கூடிய கடைசிப் பாதையில் வரும் துகளுக்கு அந்த அளவு இயல்பாகவே அமைந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அளந்து கொடுப்பவர் தேவையில்லை.

ஆனால் மோதல் நடந்தால் மட்டும் போதுமா? அதன் செய்தி வெளியே வர வேண்டும். விளிம்பருகே எவ்வளவு ஆற்றல் பிறந்தாலும், மேலே ஏறி வரும்போது ஈர்ப்பு அதைப் பிடுங்கிக்கொள்ளும். பெரும்பாலான சிதறல்கள் உள்ளேயே விழும். இந்த இடத்தில் பிரான் மறுபடி வருகிறார். 2012இல் அவரும் போலந்தின் பெய்கர் முதலியோரும் கணக்கிட்டபோது, வெளியே தப்பும் துகளின் ஆற்றல் உள்ளே போன மொத்த ஆற்றலில் 130 சதவீதத்தைத் தாண்டாது என்று வந்தது. விஷயம் முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். 2014இல் நாசாவின் ஜெரமி ஷ்னிட்மன் கணினியில் துகள் பாதைகளைத் தொடர்ந்தபோது, யாரும் கணக்கில் எடுக்காத ஒரு சாத்தியம் தென்பட்டது. மோதும் துகள்களில் ஒன்று, ஏற்கெனவே விளிம்பருகே திரும்பி வெளியே வந்துகொண்டிருப்பதாக இருந்தால்? உச்சவரம்பு 130 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 14 மடங்குக்குத் தாவியது. அடுத்த ஆண்டு பெர்ட்டியும் கார்டோசோவும் ரிச்சர்ட் பிரிட்டோவும் அந்த வரம்பையும் உடைத்தார்கள். 2009இல் மறுப்பு எழுதிய அதே பெர்ட்டிதான்! ஆனால் அவர்களின் மோதலுக்கு, விளிம்பை ஒட்டியே வெளிநோக்கிக் கிளம்பும் ஒரு துகள் வேண்டும். அது அங்கே எப்படி வந்து சேரும் என்று எல்லி லைடர்ஷ்னைடரும் பிரானும் 2016இல் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எளிதான பதில் இல்லை. 1975இல் ஜெருசலேமில் பெட்டியைத் திறந்தவர், நாற்பது ஆண்டுக்குப் பின்னும் அதற்குக் காவல் நிற்கிறார்.

2025இல் சில்க் திரும்பவும் இதைக் கையில் எடுத்தார். இந்தமுறை துணை ஆண்ட்ரூ மம்மரி. பழைய ஆட்சேபங்களை எல்லாம் முன்னே வைத்துக்கொண்டு, வலிந்து ஏற்பாடு செய்யாமல் இயற்கையாக நடக்கக்கூடிய மோதல் எது என்று அவர்கள் தேடினார்கள். உச்சத்தை நெருங்கிச் சுழலும் ஒரு கருந்துளை. அதன் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றும் வாயுத் தட்டு. அந்தத் தட்டின் கடைசிப் பாதையிலிருந்து உள்ளே சரியும் வாயுவின்மேல், தொலைவிலிருந்து விழுந்து வரும் துகள்கள் மோதுகின்றன. அவர்கள் கணக்கில் ஆற்றல் பத்துகளிலிருந்து நூறுகள் வரையான டெரா எலெக்ட்ரான் வோல்ட். எல்.எச்.சி.யைத் தாண்டிய எல்லை அது. ஜெனீவாவில் இப்போது திட்டமிடப்படும் 91 கிலோமீட்டர் வளையம் எட்ட நினைப்பதும் அந்த எல்லையைத்தான். அந்த வளையம் கட்டி முடிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.

கருந்துளை மோதலில் சிதறும் நியூட்ரினோ போன்ற துகள்களைப் பிடிக்கும் வலைகள் மட்டும் ஏற்கெனவே விரிக்கப்பட்டுவிட்டன. அவற்றைக் கட்டியவர்களும் வேறு பல காரணங்களுக்காகக் கட்டியவர்கள்தான். தென்துருவப் பனிக்கடியில் இருக்கும் ஐஸ்கியூப் கருவி, ஏறத்தாழ 4.7 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 1068 என்ற விண்மீன் மண்டலத்தின் திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட 79 நியூட்ரினோக்கள் அதிகம் வந்ததை 2022இல் அறிவித்தது. அங்கே மையத்தில் பெருங்கருந்துளை உண்டு. அதைச் சூழ்ந்த சூடான வாயுவில் அவை பிறந்திருக்கலாம் என்பதே இப்போதைக்குப் பலர் ஏற்கும் விளக்கம். விளிம்பு மோதல் என்று யாரும் கைகாட்டவில்லை. 2023 பிப்ரவரி 13 அன்று சிசிலிக்கு அருகே மத்தியதரைக் கடலில், ஏறத்தாழ 3,450 மீட்டர் ஆழத்தில் கட்டப்பட்டுவரும் கேஎம்3நெட் கருவியின் வழியாக ஒரு நியூட்ரினோவின் தடம் கடந்துபோனது. அதன் ஆற்றல் 2,20,000 டெரா எலெக்ட்ரான் வோல்ட் அளவில் மதிப்பிடப்பட்டது. அதற்கு முன் பதிவான எந்த நியூட்ரினோவுக்கும் அவ்வளவு ஆற்றல் இருந்ததில்லை. அது வந்த திசையில், நம்மை நோக்கித் தாரை வீசும் கருந்துளைகள் சிலவற்றை ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். எதன்மேலும் இன்னும் முத்திரை குத்தப்படவில்லை.